பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் புரோகிராமர் ஆக சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) டிகிரி வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறீர்கள். அரியர் இல்லை. பைத்தான் நீங்களாகவே கொஞ்சம் கற்றிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர் வேலைக்குப் போக வேண்டும். அப்பா எம்சிஏ சேரச் சொல்கிறார். சென்னையில் ஆறு மாத கோர்ஸ் சேர்ந்தால் வேலை உறுதி என்கிறார் ஒரு சீனியர். இந்தக் காலத்தில் டிகிரிக்கே மதிப்பில்லை, கிட்ஹப் (எழுதிய புரோகிராம்களை எல்லோரும் பார்க்க ஏற்றிவைக்கும் தளம்) பக்கம் இருந்தால் போதும் என்கிறார் ஒரு யூடியூப்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

அப்பா சொல்வதில் பாதி சரி, யூடியூப்காரர் சொல்வதில் கால்வாசி சரி, சீனியர் சொல்வதைத் தனியாகப் பேச வேண்டும். நான் சென்னையில் மென்பொருள் வேலையில் பல வருடம் இருப்பவன், இன்டர்வியூவில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருபவன். அங்கிருந்து பார்க்கும்போது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

புரோகிராமர் வேலையைச் செய்வதற்கு சிஎஸ் டிகிரி தேவையில்லை. அந்த வேலைக்குள் முதல் தடவை நுழைவதற்கு ஏதாவது ஒரு டிகிரி அநேகமாகத் தேவை. சிஎஸ் டிகிரியில் வரும் நாலைந்து பாடங்கள் எப்படிப் பார்த்தாலும் தேவை, அவற்றை வகுப்பில் படித்தீர்களா வீட்டு மொட்டை மாடியில் படித்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்த மூன்றையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதலில் நுழைவு. உங்களுக்கு இப்போது இருக்கும் உண்மையான சிக்கல் இதுதான். டிசிஎஸ், இன்போசிஸ், காக்னிசன்ட், விப்ரோ மாதிரி ஆயிரக்கணக்கில் ஃப்ரெஷர்களை எடுக்கும் சர்வீஸ் கம்பெனிகளில் (மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுப்பவை) உங்கள் விண்ணப்பம் முதலில் ஒரு மனிதர் கைக்குப் போவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கிடையாது, படிப்புக்கு நடுவில் நீண்ட இடைவெளி கிடையாது, இந்த மாதிரி விதிகளில்தான் முதல் வடிகட்டல் நடக்கிறது. இந்த விதிகளில் சிஎஸ் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். பி.இ. என்றால் மெக்கானிக்கலோ சிவிலோ எந்தப் பிரிவானாலும் தேர்வு எழுதலாம், அதனால்தான் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் முழுக்க இசிஇ, டெக்ஸ்டைல், ஆட்டோமொபைல் என்று என்னென்னவோ படித்தவர்கள் ஜாவா எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பி.எஸ்சி., பிசிஏ படித்தவர்களுக்கு இதே கம்பெனிகளில் தனி வாசல் உண்டு. விப்ரோ இதை 1990-களிலேயே பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து தொடங்கியது. இப்போது அந்தத் திட்டத்துக்கு வில்ப் என்று பெயர், வேலை பார்த்துக்கொண்டே கம்பெனி செலவில் எம்.டெக். முடிக்கலாம், இயற்பியல் பி.எஸ்சி.யும் அதில் செல்லும். கையைக் கட்டும் விஷயங்களும் இருக்கின்றன. பல வருட ஒப்பந்தம் போட வேண்டும், தொடக்கச் சம்பளம் பி.இ. ஃப்ரெஷரை விடக் குறைவு. (அந்த பி.இ. ஃப்ரெஷர் சம்பளமே பதினைந்து வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நொண்டிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை.) ஆனாலும் கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது கேவலமான வழி இல்லை. இதை ஏளனமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் வேறு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தவர்கள்.

டாடா சன்ஸ் தலைவர் சந்திரசேகரனை இந்த இடத்தில் பலர் உதாரணம் காட்டுவார்கள். நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர், கோவை சிஐடியில் அப்ளைடு சயின்ஸ், திருச்சி ஆர்இசியில் (இன்றைய என்ஐடி) எம்சிஏ, 1987-இல் டிசிஎஸ். சுந்தர் பிச்சை படித்தது உலோகவியல். யூனிக்ஸ், சி மொழி இரண்டிலும் கை வைத்த டென்னிஸ் ரிச்சி இளங்கலையில் படித்தது உங்கள் பாடம்தான், இயற்பியல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிச்சைக்கு ஐஐடி கரக்பூர் என்ற பெயர் இருந்தது, ரிச்சிக்கு ஹார்வர்டு இருந்தது, அந்தக் கல்லூரியின் பெயரே பாடத்தின் பெயரை யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டது. விருதுநகர் கலைக் கல்லூரி என்ற வரியைப் பார்த்து எந்த ஹெச்ஆரும் அப்படிச் சும்மா விடமாட்டார். இவர்களைப் பார்த்து தைரியம் எடுத்துக்கொள்ளலாம், திட்டம் போடக் கூடாது. சந்திரசேகரனின் பாதை மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் பொருந்தும், அறிவியல் இளங்கலைக்குப் பிறகு நல்ல இடத்தில் எம்சிஏ. எம்சிஏ பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புராடக்ட் கம்பெனிகள் (சொந்தமாக மென்பொருள் செய்து விற்பவை) கதை வேறு. அங்கே இன்டர்வியூ பெரும்பாலும் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான். ஒரு புதிர், ஒரு புரோகிராம், அதை ஏன் இப்படி எழுதினாய் என்ற கேள்வி. அந்த அறைக்குள் போய்விட்டால் டிகிரியைப் பற்றிப் பேச்சே வராது. அறைக்குள் போவதுதான் பாடு. ஒரு இடத்துக்கு வரும் விண்ணப்பங்களை எல்லாம் படிக்க யாருக்கும் நேரமில்லை என்பதால் தெரிந்த கல்லூரி, உள்ளேயிருந்து வந்த ரெஃபரல், போட்டியில் எடுத்த ரேங்க் இப்படி ஏதோ ஒரு குறுக்கு அடையாளத்தை வைத்துப் பொறுக்குகிறார்கள். நியாயமில்லைதான். ஆனால் நடப்பது அது. டிகிரி இல்லாதவருக்கும் வேறு டிகிரி வைத்திருப்பவருக்கும் வேலை கடினமாவது இந்த ஒரு கட்டத்தில்தான், இரண்டு மூன்று வருடம் அனுபவம் வந்த பிறகு ரெஸ்யூமேயில் படிப்பு கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும், நானே பல தடவை அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் ஆள் எடுத்திருக்கிறேன்.

சரி, அந்த நாலைந்து பாடங்களுக்கு வருவோம். யூடியூப்காரர் மழுப்புவது இதைத்தான். டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங், கூடவே கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம். இவை இல்லாமலும் ஒரு வெப்சைட் செய்துவிடலாம். இரண்டு மாதத்தில் ரியாக்ட் கற்று ஒரு ஷாப்பிங் கார்ட் பண்ணிக் காட்டுவது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. எங்கே மாட்டுவீர்கள் என்றால், அது ஓடத் தொடங்கிய பிறகு.

இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 1 லட்சம் வாடிக்கையாளர்கள், இரண்டிலும் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக எழுதுபவர் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் போடுவார். முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது பட்டியல் முழுவதையும் தேடுவது, அதாவது மோசமான நிலையில் 1000 கோடி ஒப்பீடு. பத்துப் பெயர் வைத்துச் சோதித்தபோது கண் இமைப்பதற்குள் முடிந்த புரோகிராம் இப்போது நிமிடக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். ஹேஷ் டேபிள் (ஒரு பெயர் இருக்கிறதா என்று முழுப் பட்டியலையும் தேடாமல் உடனே சொல்லும் அமைப்பு) என்றால் என்னவென்று தெரிந்தவர் இரண்டாவது பட்டியலை ஒரு செட்டில் போட்டு வைத்துவிட்டு முதல் பட்டியலை ஒரே ஒரு தடவை ஓட்டுவார், மொத்தம் 2 லட்சம் வேலையோடு முடிந்தது. பைத்தானில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வரி! அந்த வரி ஏன் என்று தெரிவதற்குத்தான் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம்.

இன்னொன்று. ஒரு சீட் முன்பதிவு செய்யும் தளம் எழுதுகிறீர்கள். சீட் காலியா என்று டேட்டாபேஸில் பார், காலி என்றால் பெயரை எழுது. சரியாகத்தான் இருக்கிறது. ஒரே நொடியில் இரண்டு பேர் அழுத்துகிறார்கள், இரண்டு பேருக்கும் காலி என்றே தெரிகிறது, இரண்டு பேர் பெயரும் எழுதப்படுகிறது, பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் ஒரே சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவரை நிறுத்திவைக்கும் டிரான்சாக்ஷன், லாக்கிங் பற்றிப் படித்தவருக்கு இந்த ஓட்டை எழுதும்போதே உறுத்தும். படிக்காதவருக்கு அது தீபாவளி வாரத்தில்தான் தெரியவரும். அதேபோல 50 லட்சம் வரிசை உள்ள டேபிளில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இல்லாமல் போன் நம்பரைத் தேடுவது, பில் தொகையை ஃப்ளோட்டில் (கம்ப்யூட்டர் தசம எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் முறை) வைத்துக் கூட்டி எங்கோ ஒரு பைசா உதைப்பது, தமிழ் என்ற சொல்லின் நீளத்தை பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்வதைப் பார்த்துத் திகைப்பது (உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது, யூனிகோட் அப்படித்தான்). இவற்றில் எதற்கும் டிகிரி வேண்டாம். ஆனால் எங்கேயாவது, யாரிடமாவது, முறையாகப் படித்திருக்க வேண்டும். வேலையில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டால், வேலையில் இதைச் சொல்லித்தர யாருக்கும் பொழுது இருக்காது.

இப்போது இன்னொரு பக்கம். சிஎஸ் டிகிரி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? நம் ஊர் கல்லூரிகளில் நிறையப் பேருக்குத் தெரியாது. யூனிட் வாரியாக மனப்பாடம், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது, இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி வைவாவுக்கு முந்தின ராத்திரி படிப்பது, இப்படியே நாலு வருடம் ஓடிவிடுகிறது. டிகிரியில் எட்டுக்கு மேல் சிஜிபிஏ, லிங்க்டு லிஸ்ட்டைத் (ஒன்றோடொன்று கோத்த பட்டியல்) தலைகீழாகத் திருப்பும் புரோகிராமை எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது, இதை இன்டர்வியூவில் வாராவாரம் பார்க்கிறோம். அதோடு கல்லூரி சொல்லித்தராத விஷயங்கள் ஒரு பக்கம் கிடக்கின்றன. கிட் (புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்துவது, அடுத்தவர் எழுதிய ஆயிரக்கணக்கான வரி புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்வது, பிழை எங்கே என்று பொறுமையாகத் தேடுவது, எழுதியதை ஒரு சர்வரில் ஏற்றி ஓடவைப்பது. இதில் சிஎஸ் படித்தவரும் நீங்களும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ 2024-இல் சீட் உச்சவரம்பை எடுத்த பிறகு ஒவ்வொரு கல்லூரியும் சிஎஸ், ஏஐ, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப்புதுப் பெயரில் சீட்டைக் கூட்டிக்கொண்டே போகிறது, அத்தனை பேருக்கும் பாடம் நடத்த ஆள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பெற்றோர் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் சொல்கிறேன், மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சங்களைக் கொட்டி ஒரு சுமாரான கல்லூரியில் சிஎஸ் வாங்குவதற்கு, கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் கிடைக்கும் இசிஇயோ இஇஇயோ மேல்.

பிளஸ் டூ என்றதும் ஞாபகம் வருகிறது. டிகிரியே இல்லாமல் உள்ளே போகும் வழிகள் தமிழ்நாட்டில் நிஜமாகவே இருக்கின்றன. சோஹோவின் பயிற்சிப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து ஸ்டைபண்ட் கொடுத்து இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கிறது, தென்காசியிலும் நடக்கிறது. ஹெச்சிஎல் டெக்பீ என்று ஒன்று, பிளஸ் டூவுக்குப் பிறகு பயிற்சி, வேலை, கூடவே சாஸ்த்ரா, பிட்ஸ் மாதிரி இடங்களில் டிகிரி. யூடியூப்காரர் காட்டும் உதாரணங்கள் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் இவை பள்ளி முடித்த கையோடு போகிற வழிகள், இடமும் கொஞ்சம்தான், நீங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள். இன்னும் சில மாதத்தில் முடியப்போகும் பி.எஸ்சி.யைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோடிங் கற்கலாமா என்ற எண்ணம் எங்காவது இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். சும்மா ஒரு டிகிரி என்று நீங்கள் நினைக்கும் அந்தக் காகிதம் நான் மேலே சொன்ன எல்லா விதிகளிலும் முதல் வரி.

அப்பா எங்கே சரி என்று இப்போது சொல்கிறேன். வெளிநாடும் அரசு வேலையும். அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்கு வேலைக்குத் தொடர்பான இளங்கலைப் பட்டமோ அதற்குச் சமமானதோ வேண்டும். நம்முடைய மூன்று வருட பி.எஸ்சி.யை அவர்கள் நாலு வருட டிகிரிக்குச் சமமாகப் பொதுவாக ஏற்பதில்லை. குறையும் ஒவ்வொரு வருடப் படிப்புக்கும் மூன்று வருட அனுபவத்தை ஈடாகக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதற்கு வக்கீல், மதிப்பீட்டுக் கடிதம் என்று அலைய வேண்டும். பி.எஸ்சி.க்கு மேல் எம்சிஏ இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். (2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு இந்தக் கனவே வேறு கணக்காகிவிட்டது.) ஜெர்மனி நேர் எதிர். 2023 நவம்பரிலிருந்து ஐடி வேலைக்கு டிகிரியே இல்லாவிட்டாலும், கடைசி 7 வருடத்தில் 3 வருட அனுபவமும் குறிப்பிட்ட அளவு சம்பளமும் இருந்தால் ப்ளூ கார்டு (அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி) தருகிறார்கள். அரசுப் பக்கம் வந்தால் இஸ்ரோவில் கம்ப்யூட்டர் பிரிவு விஞ்ஞானி பணிக்கு அந்தப் பிரிவில் பி.இ., பி.டெக். கேட்பார்கள், வங்கிகளின் ஐடி ஆபீசர் தேர்வில் பொறியியல் பட்டம் இல்லாதவருக்கு எம்சிஏ கைகொடுக்கும். இதெல்லாம் உங்கள் ஆசைப் பட்டியலில் இருந்தால் அப்பா சொல்வதைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தக் காரணத்துக்காக மட்டும் இரண்டு வருடம் செலவழிக்க வேண்டாம்.

எம்சிஏ இப்போது இரண்டே வருடம், முன்பு மூன்றாக இருந்தது. பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு இருந்தால் சேரலாம், இயற்பியல்காரர்களுக்கு அது எப்படியும் இருக்கும். என் கருத்து பட்டவர்த்தனமானது. அண்ணா பல்கலைக்கழக வளாகத் துறை, பிஎஸ்ஜி, சிஐடி, திருச்சி என்ஐடி இந்தத் தரத்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அங்கே பாடத்தைவிடப் பெரிய லாபம் காம்பஸும் (கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்பது), கூடப் படிப்பவர்களும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் புரோகிராம் ஏன் உடைகிறது என்று பக்கத்து ரூமில் கேட்க ஒருவர் இருப்பதை எந்த ஆன்லைன் கோர்ஸும் தராது. ஆனால் காம்பஸுக்கு யாருமே வராத, பக்கத்து ஊர்க் கல்லூரியில் மூன்றெழுத்துக்காக மட்டும் எம்சிஏ என்றால் வேண்டாம். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஒழுங்காகப் படித்தால் அதைவிட மேலே போவீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை ஏன் நிறையப் பேர் யோசிப்பதில்லை என்று எனக்கு ஆச்சரியம். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. ஜேஇஇ கிடையாது, அவர்களே சில வாரம் பாடம் நடத்தி வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். முதல் கட்டம், டிப்ளமோ, டிகிரி என்று படிப்படியாகப் போகிறது, டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், எம்சிஏ கூடச் சேர்த்துப் படிக்கலாம், யுஜிசி 2022-இல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்பை அனுமதித்துவிட்டது. சுலபமென்று நினைக்க வேண்டாம், உட்கார்ந்து படிக்காதவர்களை அது வெளியே தள்ளிவிடும். காசு கொடுக்க முடியாவிட்டால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் நான் சொன்ன அத்தனை பாடமும் இலவசமாகக் கிடக்கிறது, சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம். உங்கள் கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது கோர்ஸ் நடந்தால் அதையும் விடாதீர்கள்.

இயற்பியல் படித்தது வீண் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, பிழைக் கணக்கு எல்லாம் உங்களுக்குப் பழகியது, மெஷின் லேர்னிங் பக்கம் போனால் சிஎஸ் படித்தவர்கள் தடுமாறும் இடம் அதுதான். லேபில் எடுத்த அளவீடுகளை எக்செலில் போட்டுக் கோடு வரைந்திருப்பீர்கள், அதையே பைத்தானில் எழுதி, பிழை வரம்போடு வரைபடம் போட்டு கிட்ஹப்பில் வையுங்கள். யூடியூபைப் பார்த்து எழுதிய நெட்ஃபிளிக்ஸ் நகலைவிட அதைத்தான் நான் நின்று பார்ப்பேன். யாராவது ஒருவர் நிஜமாகப் பயன்படுத்தும் சின்ன விஷயம் ஒன்றும் செய்யுங்கள், ஹாஸ்டல் மெஸ் கணக்கு, தெருக்கோடிக் கடையின் கடன் நோட்டு, எதுவானாலும். கடைக்காரர் இது தப்பாகக் காட்டுகிறது என்று திட்டும்போது நீங்கள் கற்றுக்கொள்வதை இன்டர்வியூவில் சொல்ல ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். முன்பு ஃப்ரெஷருக்குக் கொடுத்த சில்லறை வேலைகள் குறைந்துவருவது உண்மை. டிசிஎஸ், இன்போசிஸ் இரண்டிலும் 2023-24 நிதியாண்டில் ஆள் எண்ணிக்கையே இறங்கியது, அதற்கு ஏஐயைவிட அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எப்படியோ, வாசல் குறுகியிருக்கிறது. ஏஐ எழுதித் தரும் புரோகிராம் பார்க்க அழகாக இருக்கும், ஓடும், ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு பேருக்கு ஒரே சீட் கொடுக்கும் ஓட்டையோடும் வரும். அதைப் பார்த்தவுடன் பிடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. சிண்டாக்ஸ் (புரோகிராம் மொழியின் இலக்கணம்) மட்டும் தெரிந்தவருக்குக் குறைந்திருக்கிறது. அதனால் ஏஐ இருக்கிறதே, அடிப்படைப் பாடங்கள் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது சீனியர் சொன்ன கோர்ஸ். எல்லாப் பயிற்சி மையமும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், வேளச்சேரியிலும் தரமணியிலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், தனியாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் வேலை உத்தரவாதம் என்ற வார்த்தையை எந்த நல்ல மையமும் எழுத்தில் தராது. போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரின் போன் நம்பரை, அவர்கள் தேர்ந்தெடுத்துத் தராமல் நீங்களே லிங்க்டுஇன்னில் தேடி எடுத்துப் பேசுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்கச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு வருட அனுபவம் இருப்பதாகக் காகிதம் தயார் செய்து தருகிறோம், பேக் டோரில் ஏற்றிவிடுகிறோம், முதல் மூன்று மாதச் சம்பளம் எங்களுக்கு என்று சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். இப்போது பின்னணி சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கைப் பார்க்கிறார்கள், எந்தக் கம்பெனி எந்த மாதம் உங்கள் பெயரில் பணம் கட்டியது என்பது யுஏஎன் எண்ணில் வரிசையாக நிற்கிறது. போலி அனுபவம் அங்கே மாட்டும், மாட்டினால் அந்த வேலை மட்டும் போகாது, அந்தக் கம்பெனியின் வாசல் மொத்தமாக மூடிக்கொள்ளும்.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். எம்சிஏவுக்கான தமிழக நுழைவுத் தேர்வான டான்செட்டுக்கு விண்ணப்பித்துவிடுவேன், இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம், என்ஐடி வேண்டுமென்றால் நிம்செட்டும் எழுத வேண்டும், அதற்கான தகுதி விதியை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கணக்கும் லாஜிக்கும்தான் பெரிய பகுதி என்பதால் சர்வீஸ் கம்பெனித் தேர்வுகளின் ஆப்டிட்யூடுக்குப் படிப்பதும் அதிலேயே அடங்கிவிடும். கூடவே வில்ப் மாதிரி பி.எஸ்சி. வழிகளுக்கெல்லாம் விண்ணப்பம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் டேட்டா ஸ்ட்ரக்சர், அது ஒரு அளவுக்கு வந்தபிறகு டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் கையால் எழுதிப் பழக வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டமும் நெட்வொர்க்கும் அப்புறம் வரலாம். மதுரை, கோவையில் இருபது முப்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனிகளுக்கு நேரடியாக மெயில் அனுப்புவேன், அங்கே ரெஸ்யூமேயை மனிதர்களே படிக்கிறார்கள், சம்பளம் குறைவாக இருக்கும், வேலை நிறையக் கற்கலாம். டெஸ்டிங், அப்ளிகேஷன் சப்போர்ட் என்று வந்தாலும் கௌரவம் பார்க்கமாட்டேன், ஆனால் சேரும்போதே இங்கிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுவேன், ஏனென்றால் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் நாலு வருடம் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து நகர்வது ரொம்பக் கஷ்டம்.

கவுன்சலிங் தேதி வரும்போது கையில் நல்ல ரேங்க் இருந்து வேலை எதுவும் வரவில்லை என்றால் அப்பா சொன்னபடி எம்சிஏ. வேலை வந்துவிட்டால் வேலை, மேற்படிப்பை வில்ப் வழியாகவோ ஐஐடி பி.எஸ். வழியாகவோ பார்த்துக்கொள்ளலாம். இரண்டுமே வராவிட்டால் ஒரு வருடம் வீட்டிலிருந்து படிப்பதில் தப்பில்லை, ஆனால் அந்த வருடம் ரெஸ்யூமேயில் வெறும் இடைவெளியாகத் தெரியாமல் பி.எஸ். படிப்பிலோ ஒரு சின்ன வேலையிலோ பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாண்ட் (இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) போடும் கம்பெனி எதுவானாலும் கையெழுத்துக்கு முன்னால் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியை அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.